தருமியும் நாகேஷும்: குரலை விட்டு உடம்பைப் பாருங்கள்

2025 ஜனவரி 11, காலை. திருகோணமலை உப்புவெளியிலிருந்து கேள்வி

மாசிச் சிவராத்திரிக்கு எங்கட மன்றத்துப் பெடியள் தருமி நாடகம் போடப்போறம், 'திருவிளையாடல்' படத்தில நாகேஷ் செய்த ஏழைப் புலவன்ர கதை. கடற்கரைப் பக்கம் திறந்த மேடை. கால் மணித்தியாலம் தந்திருக்கினம். தருமியா நடிக்கிற தம்பி நாகேஷின்ர குரலை அச்சொட்டாச் செய்வான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா படம் ஓடுற மாதிரியே இருக்கும். கண்ணைத் திறந்தா சிரிப்பு வருகுதில்லை. எங்க பிழை?

இன்னொண்டு. சந்தானம், சிவகார்த்திகேயன், இப்ப 'விடுதலை'யில சூரி எண்டு பகிடிக்காரரா வந்து நாயகனானவை எல்லாம் இந்தக் காலத்து ஆக்கள்தான், நாகேஷ் கடைசி மட்டும் பகிடிக்காரர்தான் எண்டு எங்களுக்குள்ள ஒரு பகுதி சொல்லுது. சரியோ?

ஜனவரி 11, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: சரியில்லை. ஆண்டு வரிசையில் போடுகிறேன், வைத்துக்கொண்டு வாதாடுங்கள். 1964 'சர்வர் சுந்தரம்'. 1965 'நீர்க்குமிழி'. 1966 'யாருக்காக அழுதான்'. 1967 'அனுபவி ராஜா அனுபவி', அதில் இரட்டை வேடம். 1968 'எதிர்நீச்சல்'. இந்த ஐந்திலும் கதை அவர் முதுகில்தான் ஏறிப் போகிறது. இவற்றில் நான்கு பாலசந்தர் இயக்கியவை.

அதே ஐந்து வருசத்துக்குள்தான் 'காதலிக்க நேரமில்லை' செல்லப்பா (1964), 'திருவிளையாடல்' தருமி (1965), 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி (1968) மூவரும் வருகிறார்கள். சுவரொட்டியில் தன் முகம் தனியாக வந்த பிறகும் கால் மணித்தியால வேடத்துக்கு அவர் கதவைச் சாத்தவில்லை. சூரியும் சந்தானமும் முதலில் அது, பிறகு இது என்று போனவர்கள். நாகேஷுக்கு இரண்டும் ஒரே வருசத்தில் நடந்தன. அதனால்தான் ஆக்களுக்கு அவரை நாயகன் என்று எண்ணிப் பார்க்க மறந்துபோகிறது.

ஜனவரி 12

இனிச் சிரிப்பு ஏன் வரவில்லை என்பது.

தருமியை இங்கே பாதிப்பேர் கண்ணால் பார்க்க முன்னம் காதால் பாடமாக்கியவர்கள். வானொலியில் ஒலிச்சித்திரம், கோயில் திருவிழாவில் கமுகில் கட்டிய புனல் ஒலிபெருக்கி, பிறகு கசெற். வசனம் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே வாயில் வரும். ஆனால் காதால் படித்த தருமிக்கு உடம்பு இல்லை. உங்கள் தம்பி செய்வது ஒலிபெருக்கியின் நடிப்பு. அது சரியாகத்தான் இருக்கும், சிரிப்புத்தான் வராது.

செய்ய வேண்டியது இதுதான். அந்தக் காட்சியைக் கைபேசியில் போட்டுச் சத்தத்தை முழுதாக நிறுத்துங்கள். மூன்று தரம் பாருங்கள். முதல்தரம் கால்களை மட்டும். எப்போது நடக்கிறார், எந்த இடத்தில் நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார். இரண்டாம் தரம் கைகளையும் மேல்துண்டையும். மூன்றாம் தரம் கழுத்தையும் தோளையும். பார்க்கும்போதே ஒரு கொப்பியில் குறியுங்கள். மூன்று தரமும் முடிந்தால் ஒன்று பிடிபடும்: அவரிடம் சொல்லுக்கு முன்னே உடம்பு போகிறது. முதலில் தோள் சுருங்கும், பிறகு கை விரியும், அதற்குப் பிறகுதான் வாய். பார்க்கிறவனுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று அரை விநாடி முன்கூட்டியே தெரிகிறது. அந்த அரை விநாடிக்குள்தான் சிரிப்புப் பிறக்கிறது. உங்கள் தம்பி சொல்லையும் கையையும் ஒன்றாக விடுகிறார். இல்லாவிட்டால் சொல்லி முடித்த பிறகு கை வருகிறது. இது மேடையில் எல்லாரும் விடுகிற பிழை.

வேகம் பற்றியும் ஒன்று. நாகேஷ் வேகமாகக் கதைக்கிறார் என்று எல்லாரும் ஒரேயடியாக ஓடுகிறார்கள். அவர் ஓடுவது வரியின் நடுவில். வரி முடிகிற இடத்தில் கடைசிச் சொல்லை நறுக்கென்று முழுதாக வைப்பார். ஓடிக்கொண்டே வரியை விழுங்கினால் பத்தாவது வரிசைக்கு ஒன்றும் விளங்காது. சோதிக்க வழி உண்டு. பத்து மீற்றர் தள்ளிக் கைபேசியை வைத்துப் பதிவு செய்து, வசனம் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். எந்தச் சொல் விளங்கவில்லை என்கிறாரோ அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். முழுவதையும் மெதுவாக்க வேண்டாம், தருமி செத்துப்போவான்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்தோடு ஒரு வாசகர் பிழையும் பிடித்து அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. பாலசந்தர் இயக்கியவை நான்கு என்று எழுதிவிட்டேன். மூன்று: 'நீர்க்குமிழி', 'அனுபவி ராஜா அனுபவி', 'எதிர்நீச்சல்'. 'சர்வர் சுந்தரம்' பாலசந்தரின் மேடை நாடகம், எழுத்து அவருடையது. படமாக இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. 'யாருக்காக அழுதான்' ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கியது.

இந்தத் திருத்தத்தால் என் வாதம் இன்னும் பலமாகிறது. சுந்தரத்தைப் படத்துக்கு முன்பே நாகேஷ் மேடையில் செய்திருந்தார். எந்த இடத்தில் சனம் சிரிக்கும், எந்த இடத்தில் அடங்கும் என்று ஆள் ஆளாகக் கேட்டுப் பழகிய பிறகுதான் கமராவுக்கு முன்னால் போனார். உங்களுக்கும் இது கிடைக்கும். சிவராத்திரிக்கு முன் குறைந்தது மூன்று தரம் தெரியாத ஆக்களுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். மன்றத்து ஆக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு வசனம் பாடம், சிரிக்கவேண்டிய இடமும் பாடம்.

ஜனவரி 19

"அவர் எங்க நடிப்புப் படிச்சவர்?" என்று தருமி தம்பியே கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

1933 செப்டெம்பர் 27இல் தாராபுரத்தில் பிறந்தவர். வீட்டில் கன்னடம். அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. சென்னையில் ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை. அலுவலக ஆக்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலி நோயாளியாக ஒரு சின்ன வேடம் கிடைத்தது. தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்த நோயாளியைத்தான் பாராட்டிவிட்டுப் போனார். படம் என்று தொடங்குவது 1950களின் கடைசியில். 1959இல் வந்த 'தாமரைக்குளம்' ஆரம்பப் படங்களில் ஒன்று. அப்போது அறைத்தோழர் கவிஞர் வாலி, அவருக்கும் அன்று வாய்ப்பு இல்லை. ஐந்தே வருசத்தில் சர்வர் சுந்தரமாக நாகேஷ் நிற்க, 'அவளுக்கென்ன அழகிய முகம்' என்று எழுதிக் கொடுத்தவர் அதே வாலி.

அந்த வயிற்றுவலியைக் கொஞ்சம் யோசியுங்கள். சில நிமிட வேடம். கதைக்கு அவன் தேவையே இல்லை. கையில் இருப்பது ஒரே ஒரு பொருள், வலி. அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் தெளிவாகக் காட்டினால் மீதி எல்லாம் அதிலிருந்து வரும். நடை, மூச்சு, ஆளைப் பார்க்கிற விதம் எல்லாமே.

தருமிக்கும் அதே வயிறுதான், அவனுக்கு அங்கே பசி. தம்பிக்கு ஒரு பயிற்சி. ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் மூன்று நிமிடம் வசனமே இல்லாமல் மேடையில் நடக்க வேண்டும். பசி தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகு அந்த இடத்தை மூடப் பார்க்கும். கால் முட்டி கொஞ்சம் மடியும். தலை மட்டும் முன்னால் நீளும், ஏனென்றால் பசித்தவன் கண் தேடும். இந்த மூன்றும் தானாக வந்தால் தருமி வந்துவிட்டான். கூனிக் காட்டுவது வேறு, பசியால் கூனுவது வேறு. பார்க்கிற சனத்துக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

ஜனவரி 20

கூனல் அளவு கேட்டவருக்கு: தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டுங்கள், நிமிர்ந்தால் தொடுகிற உயரத்தில். ஆயிரம் பொன் என்று கேள்விப்படுகிற இடத்தில் மட்டும் தம்பியின் தலை கயிற்றைத் தொடட்டும். மற்ற நேரம் நாலு விரல் கீழே.

ஜனவரி 23

இன்னொரு படத்தைப் பார்க்கச் சொல்கிறேன், நாடகத்துக்கு நேரே உதவும். 'காதலிக்க நேரமில்லை', ஸ்ரீதர் இயக்கம். சொந்தமாகப் படம் எடுக்கப்போவதாகச் சொல்லித் திரிகிற மகன் செல்லப்பா, தகப்பன் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி. எல்லாரும் நாகேஷின் காட்சி என்பார்கள். ஒருமுறை எண்ணிப் பாருங்கள், நீங்கள் சிரிக்கும்போது உங்கள் கண் யார் முகத்தில் இருக்கிறது? பாலையா முகத்தில். நாகேஷ் கதையையும் சத்தத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். சிரிப்பை வாங்குகிறவர் பாலையா. இரண்டு பேரில் ஒருவர் விளையாட மற்றவர் பொய் இல்லாமல் பயந்ததால் வந்த வெற்றி அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்வியில் தருமியைப் பற்றித்தான் இருந்தது. சிவன் யார், அரசன் யார், நக்கீரர் யார் என்று ஒரு சொல் இல்லை. படத்தில் சிவனாக நின்றவர் சிவாஜி, பாண்டியன் முத்துராமன், நக்கீரர் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே. மூன்று பேரில் ஒருவர்கூடத் தருமியைப் பார்த்துத் தான் சிரிக்கவில்லை. உங்கள் சிவன் மேடையில் பல்லைக் காட்டினால் சனம் காட்டாது. சிவன் வேடக்காரருக்கு ஒரே கட்டளை: தருமி கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் உலகத்திலேயே பெரிய கேள்வி என்று கேட்க வேண்டும்.

கேள்வி பதில் பகுதிக்கு ஒரு ரெனிஸ் பந்து வாங்குங்கள். தருமி கேள்வியோடு பந்தை எறிய வேண்டும். சிவன் பிடித்துப் பதிலோடு திருப்பி எறிய வேண்டும். பந்து கையில் தங்கினால் பதில் பிந்துகிறது என்று அர்த்தம். கீழே விழுந்தால் முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிழமை இப்படிச் செய்துவிட்டுப் பந்தை எடுத்துவிடுங்கள், தாளம் கையிலேயே நின்றுவிடும். பன்னிரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு சனம் பதிலை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிடும்.

ஜனவரி 26

வசனம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். படத்திலிருந்து என்று பதில். வேண்டாம். அது சனத்துக்குப் பாடம். நீங்கள் ஒரு சொல் மாற்றினாலும் கீழே இருந்து திருத்துவார்கள், மாற்றாவிட்டால் ஒப்பிடுவார்கள். இரண்டிலும் தம்பிதான் தோற்பார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 52ஆம் படலம், தருமிக்குப் பொற்கிழி அளித்தது. 53, கீரனைக் கரையேற்றியது. இரண்டையும் வாசித்துவிட்டு உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். திருகோணமலைச் சனத்துக்குத் திருகோணமலைத் தருமி. "என்ன சாமி, பகிடி விடுறியளோ" என்று அவன் கேட்டால் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் சொந்தக்காரனாகிவிடுவான்.

புராணத்துத் தருமி படத்துத் தருமி மாதிரி ஏழைப் புலவன் இல்லை. தாய் தகப்பனை இழந்த ஆதிசைவப் பிரமசாரி, கலியாணம் செய்யப் பொருள் வேண்டி இறைவனிடம் போனவன். இந்தக் கலியாண ஆசையை எடுத்தால் உங்களுக்குப் படத்தில் இல்லாத பகிடி நிறையக் கிடைக்கும்.

பாட்டு மட்டும் மாறக்கூடாது. குறுந்தொகை இரண்டாம் பாட்டு, ஐந்தே அடி. அதில் மாணவர்கள் விடுகிற இடம் மூன்று. "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி" என்பதில் "அஞ்சிறை" அம் சிறை, அழகிய சிறகு. ஐந்து சிறகு என்று கையை விரித்துக் காட்டக்கூடாது. "காமம் செப்பாது" என்றால் எனக்குப் பிடித்ததைச் சொல்லாமல், கண்டதைச் சொல் என்று வண்டிடம் கேட்பது. அங்கே வெட்கப்பட்டுச் சிரித்துக் காட்டினால் பாட்டுக் கெடும். மூன்றாவது "கெழீஇய". அளபெடை, இகரம் நீள வேண்டும். எல்லாரும் "கெழிய" என்று ஓடிவிடுகிறார்கள்.

பாட்டைச் சொல்லும்போது தருமி பகிடிக்காரனாக இருக்கக்கூடாது. நிமிர்ந்து, சுத்தமாக, ஐந்து அடியும் ஒரே மூச்சோட்டத்தில். இப்படி ஒரு பாட்டு இவன் கையில் எப்படி வந்தது என்று சபை திகைக்க வேண்டும். அந்தத் திகைப்பு இல்லாவிட்டால் நக்கீரரின் கேள்விக்கு அடி இல்லை.

ஜனவரி 31

இன்றைக்கு அவர் போய்ப் பதினாறு வருசம். 2009 ஜனவரி 31.

பிற்காலத்தைப் பற்றி ஆக்கள் அதிகம் கதைப்பதில்லை. 1970களில் சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று வேறு வேறு பாணிகள் வந்துவிட்டன. பழைய வேகத்தையே திருப்பித் திருப்பிச் செய்திருந்தால் அவர் அங்கேயே முடிந்திருப்பார். 1989 'அபூர்வ சகோதரர்கள்' பாருங்கள், சிரிப்பே இல்லாத வில்லன். 1994 'மகளிர் மட்டும்' பாருங்கள், பிணம். வாழ்நாள் முழுக்க ஓடிய உடம்பை மற்றவர்கள் தூக்கிக்கொண்டும் இருத்திக்கொண்டும் திரிகிறார்கள், இமைகூட அசையவில்லை, பார்க்கிற நாங்கள் வயிறு நோகச் சிரிக்கிறோம். அதே வருசம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். அதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. பத்ம விருது ஒன்றுகூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

பிண வேடத்தைத் தம்பி கட்டாயம் பார்க்க வேண்டும். உடம்பைப் பாருங்கள் என்று நான் சொன்னதை ஆட்டம் என்று விளங்கிக்கொண்டால் பிழையாகிவிடும். அசையாமல் இருப்பதும் உடம்பின் வேலைதான். சபையில் நக்கீரர் குற்றம் என்று சொல்லுகிற நேரம் தருமி ஒரு விரலும் அசைக்கக்கூடாது. நான்கு எண்ணும் வரைக்கும். பிறகு கண் மட்டும் அரசன் பக்கம் போகட்டும்.

பெப்ரவரி 3

"எங்கட கொழும்பில வளர்ந்த சந்திரபாபுவை விட்டிட்டியள்" என்று பாலையூற்றிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. 1927இல் தூத்துக்குடியில் பிறந்த பகிடி நடிகர். தகப்பன் சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். அதனால் குடும்பம் இலங்கைக்கு வர, கொழும்பில் படித்து வளர்ந்து, 1940களில் சென்னைக்குப் போனார். 1958 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம். அதில் ரிக்சாக்காரனாகச் சென்னைப் பேச்சுப் பேசிய அழகை இன்றைக்கும் ஆக்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். பிறகு நாயகனாகவும் நடித்தார், 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கினார். 1974இல் காலமானபோது வயது 46.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு உண்டு, எங்கள் விசயத்துக்கு அது முக்கியம். சந்திரபாபு தன் பாட்டைத் தானே பாடினவர், தொண்டையைச் சுழற்றி மேலே ஏற்றுகிற அந்த மேல்நாட்டுப் பாணியும் அவருடையது. குரலும் உடம்பும் ஒரே ஆள். நாகேஷுக்கு அந்த வசதி இல்லை. 'மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்' என்றால் டி.எம்.எஸ். குரல், 'தாமரைக் கன்னங்கள்' என்றால் பி.பி.ஸ்ரீநிவாஸ். குரல் வேறு ஆளுடையது என்பதால் பாட்டு முழுக்க அவர் கையில் இருந்தது உடம்பு மட்டும். அந்த இரண்டு குரலும் ஒன்றோடொன்று பொருந்தாது, ஆனால் இரண்டும் அவர் உடம்பிலிருந்தே வருகின்றன என்று நம்புகிறோம்.

பெப்ரவரி 8

சாமான்கள். பலர் கேட்டதால் ஒன்றாக எழுதுகிறேன்.

ஓலை: கடுதாசியில் செய்ய வேண்டாம், கடற்காற்றில் பறக்கும், வெளிச்சத்தில் கடுதாசி என்றே தெரியும். பனங்குருத்தோலை எடுத்து ஈர்க்கை நீக்கி 35 சென்றிமீற்றர் நீளம், 4 சென்றிமீற்றர் அகலத்தில் வெட்டுங்கள். மஞ்சள் போட்ட தண்ணீரில் அரை மணித்தியாலம் அவித்து, நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். வெயிலில் காயப்போட்டால் சுருண்டு வெடிக்கும். அரைக்காய்ச்சலில் எடுத்துப் பலகைக்குக் கீழே பாரம் வைத்தால் மட்டமாக வரும். பழுக்கக் காய்ந்த ஆணியால் துளை போட்டு நூல் கோருங்கள். நான்கு பிரதி வேண்டும். பாட்டை உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் எழுதிவிடுங்கள், மறந்தாலும் பார்த்து வாசிக்கலாம்.

மைக்: தருமி வெற்றுமேல், தோளில் துண்டு. கிளிப் மைக்கைத் துண்டில் குத்தினால் அவர் துண்டைப் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் கரகரவென்று இழுக்கும். துண்டுதான் தருமியின் பாதி நடிப்பு, அதைப் பிடிக்காதே என்று சொல்லமுடியாது. ஆகவே காதில் மாட்டுகிற மைக். வியர்வையில் வழுகும், கன்னத்தைத் துடைத்துப் பவுடர் போட்டு மருத்துவப் பிளாஸ்ரர் ஒட்டுங்கள். பெட்டியை நடுமுதுகில் கட்டாதீர்கள், மல்லாந்து விழுகிற இடத்தில் அவர் அதன் மேல்தான் விழுவார். இடுப்பின் இடது பக்கம், வேட்டிக்கு உள்ளே தனிப் பட்டியில். பற்றறி அன்று பின்னேரம் புதிதாக மாற்ற வேண்டும்.

காற்று: மாசியிலும் வாடை முழுதாக அடங்கியிருக்காது. மைக் முனைக்குப் பஞ்சு உறை போடாமல் திறந்த மேடையில் ஏறாதீர்கள். ஒலி மிக்சரில் லோகட் (தாழ்ந்த ஒலியை வெட்டுகிற) பொத்தான் இருக்கும், 80 அல்லது 100 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கும். எல்லா மைக்குக்கும் அதை அழுத்திவிடச் சொல்லுங்கள். காற்றின் உறுமல் குறையும், பேச்சுக்கு ஒன்றும் ஆகாது.

பெப்ரவரி 10

மஞ்சள் அளவு சொல்லாமல் விட்டது என் பிழை. ஒருவர் கை நிறைய அள்ளிப்போட்டு, எல்ஈடி வெளிச்சத்தில் ஓலை பளீரென்று தெரிகிறதாம். ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். ஏற்கெனவே அவித்ததைக் கொதித்த தேயிலைச் சாயத்தில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள், பழசாகிவிடும்.

பெப்ரவரி 16

நக்கீரர் குற்றம் என்று சொல்லுகிற இடத்தில் நான்கு எண்ணச் சொன்னதை மாற்றுகிறேன். அறைக்குள் நான்கு சரி. திறந்த மேடையில் சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டுக் காதைப் பயன்படுத்துங்கள். சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கி மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போது அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். உச்சியில் தொடங்கினால் வரி கேட்காது. முழுதாக அடங்கவிட்டால் மறுபடி சூடேற்ற வேண்டிவரும். சிரிப்பே வராவிட்டால் காத்திருக்காதீர்கள். வராத சிரிப்புக்கு நின்று பார்க்கிற நடிகனைப் போல மேடையில் பரிதாபம் வேறில்லை.

'சர்வர் சுந்தர'த்தில் கோப்பைகளை அடுக்கி ஏந்திக்கொண்டு போகிற இடத்தை இதற்காகத் திரும்பப் பாருங்கள். தாங்குகிற கை அசையாது, மீதி உடம்பு மேசைக்கும் ஆளுக்கும் இடையில் நெளிந்து போகும். சனத்தின் கண் அடுக்கின் மேலே, அவர் கவனம் வழியின் மேலே. விழுமோ விழுமோ என்ற பதைப்பை அவர் எங்களிடம் விட்டுவிட்டுத் தான் வேலையைப் பார்க்கிறார். தம்பியும் சிரிப்பைச் சனத்திடம் விட்டுவிட்டுத் தருமியின் வேலையைப் பார்க்கட்டும். தருமியின் வேலை ஆயிரம் பொன் வாங்குவது, சிரிக்க வைப்பது அவன் வேலை இல்லை.

பெப்ரவரி 22

நேரக் கணக்கு. கோயிலில் தனிப் புலம்பல் இரண்டு நிமிடம். சிவன் வருகையும் கேள்வி பதிலும் மூன்றரை. சபை நாலரை. திரும்பிக் கோயிலில் ஒன்றரை. முடிவு ஒன்றரை. மொத்தம் பதின்மூன்று. மிச்ச இரண்டு நிமிடம் சிரிப்புக்கு. பதினைந்துக்கும் வசனம் எழுதினால் சனம் சிரிக்கச் சிரிக்க நீங்கள் பிந்துவீர்கள், கடைசியில் நக்கீரரை வெட்ட வேண்டிவரும்.

நக்கீரரை வெட்டவே வேண்டாம். சிவராத்திரி இரவு, கோணேசர் சந்நிதி ஊர், இறைவனையே எதிர்த்துப் பேசுகிற ஒருவர் மேடையில் நிற்கிறார். அவரைக் கெட்டவனாக்கினால் நாடகமே இல்லை. குரல் உயராமல், உறுதியாகச் சொல்லட்டும்.

பெப்ரவரி 27, காலை. உப்புவெளியிலிருந்து

நேற்றிரவு ஒன்றரை மணிக்கு ஏறினம். கனபேர் நித்திரைத் தூக்கத்தில. புலம்பலுக்குப் பெரிசாச் சிரிக்கேல்லை. சபையில தம்பி அசையாம நிண்டு கண்ணை மட்டும் அரசன் பக்கம் திருப்பினான் பாருங்கோ, அங்க தொடங்கின சிரிப்பு முடியுமட்டும் நிக்கேல்லை. பதினாறு நிமிசம் போட்டுது.

பெப்ரவரி 27, மதியம்

ஒன்றரை மணிச் சனத்துக்குப் புலம்பல் இரண்டு நிமிடம் என்பது அதிகம். அடுத்தமுறை ஒரு நிமிடமாக்குங்கள், அந்த ஒரு நிமிடத்தில் பாதி சத்தமில்லாத நடை. "கெழீஇய" எப்படி வந்தது?

பெப்ரவரி 27, பின்னேரம். உப்புவெளியிலிருந்து

நீட்டித்தான் சொன்னவன். முன்வரிசையில இருந்த தமிழ் வாத்தியார் தலையை ஆட்டினவர்.